இன்னும் எவ்வளவு தூக்க வேண்டும்?

எழுபதுகளின் தொடக்கம். சென்னை ராயபுரத்தில், கல்மண்டபத்துக்குப் பக்கத்தில் ஒரு மாதா கோயில். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அங்கே கூடத்தில் சின்னப் பிள்ளைகளுக்கு வயலின் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். எனக்கு இருபத்திரண்டு வயது. கோபம் மூக்கு நுனியிலேயே இருக்கும்.

அம்மாவோ அப்பாவோ வகுப்பில் கூடவே உட்கார்ந்து பார்க்க வேண்டும், வாரம் முழுக்க வீட்டில் அவர்கள்தான் வாசிக்க வைக்க வேண்டும் என்பது என் கண்டிப்பு. பெரும்பாலும் அம்மாக்கள்தான் வருவார்கள். ஏழு வயதுப் பெண் ஒருத்திக்கு மட்டும் அப்பா வருவார். ஹார்பரில் வேலை. முதல் பெஞ்சில் உட்கார்ந்து கண் கொட்டாமல் என்னையே பார்ப்பார். அது வேறு எனக்கு எரிச்சல்.

அந்தப் பெண் அபஸ்வரமில்லாமல் வாசிப்பாள். ஆனால் வில் திரும்பும்போதெல்லாம் வலது தோள் காதைத் தொடப் போகும். "தோள், தோள்" என்று கத்துவேன். பென்சிலால் தட்டுவேன். வாரா வாரம் அது இன்னும் கொஞ்சம் உயர்ந்துதான் வந்தது.

கிறிஸ்துமஸ் பூசையில் வாசிக்கப் போகிறவர்கள் பட்டியலில் அவள் பெயரை விட்டுவிட்டேன். அதற்கென்றே புது கவுன் தைக்கக் கொடுத்திருந்தார்களாம். அவள் அழவில்லை. கிட்டே வந்து, "இன்னும் எம்மாந் தூக்கணும் டீச்சர்?" என்று கேட்டாள்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அப்பா எழுந்து வந்தார். "நீங்க வாசிக்கிறத பாத்துதான் டீச்சர் வூட்ல சொல்லிக் குடுத்துகினு கீறேன். அவ தூக்கறது பத்தலன்னு திட்றீங்கன்னு நெனச்சேன்."

"நான் எங்கங்க தூக்கறேன்?" என்று சீறினேன்.

அவர் வெறுங்கையோடு நின்று என்னைப் போலவே வாசித்துக் காட்டினார். சாய்ந்த கழுத்து, பாதி மூடிய இடது கண், எல்லாம் நானேதான். வில் திரும்பும் இடத்தில் தோள் விசுக்கென்று மேலே போனது. பின்னால் அம்மாக்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். என் முகம் சுண்டிப்போனது.

கப்பல் சரக்கை இறக்கும்போது, கிரேன் ஓட்டுபவருக்குக் கீழே நின்று கைஜாடை காட்டுவதுதான் அவர் வேலை என்பது அப்புறம்தான் தெரிந்தது. "கை கொஞ்சம் மாறினாலும் கீழ கீறவன் காலி. அதான் உங்கள அப்டியே புடிச்சேன்" என்றார்.

அவள் பெயரைப் பட்டியலில் சேர்த்தேன். அவரை முதல் பெஞ்சிலேயே உட்காரச் சொன்னேன். எங்கள் இருவரில் யார் தோள் எழும்பினாலும் உள்ளங்கையைக் கவிழ்த்து மெல்ல இறக்கிக் காட்டுவார். முக்கால்வாசி எனக்குத்தான். அவள் ஒரே வாரத்தில் சரியாகிவிட்டாள். கிறிஸ்துமஸ் பூசையில் அவள் தோள் அசையவில்லை. என்னுடையதுதான் இரண்டு தடவை எழும்பியது.

அதன்பிறகு எத்தனையோ பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டேன். திட்ட வாயெடுக்கும்போதெல்லாம், என் தப்பை அத்தனை ஒழுங்காகக் கற்றுக்கொண்டு, அதற்கு என்னிடமே திட்டும் வாங்கி, கொஞ்சமும் கோபமில்லாமல் என்னை நிமிர்ந்து பார்த்த அந்த முகம் வந்து என் வாயை அடைத்துவிடுகிறது.