விமானம் ஏற முடியாத மருந்து

சென்னை விமான நிலையத்தில் ஓர் அதிகாரி என் கைப்பையிலிருந்து ஒரு சின்ன பாட்டிலை எடுத்து, "இது என்னம்மா?" என்று கேட்டால் நான் என்ன சொல்வேன்? பல வாரங்களாக யோசிக்கிறேன். இன்னும் பதில் கிடைக்கவில்லை.

நாங்கள் வாழும் நியூசிலாந்தின் ஆக்லாந்தில் பதில் சுலபம். என் ஐந்து வயது மகளின் வலிப்புக்கு மருத்துவர் எழுதிக் கொடுத்த மருந்து அது. கஞ்சாச் செடியிலிருந்து எடுத்த எண்ணெய். போதை தருகிற சத்து அதில் அநேகமாக இல்லை என்று மருத்துவர் பொறுமையாக விளக்கினார். சான்ட்ரிங்ஹாம் மெயின் ரோட்டில் கறிவேப்பிலை வாங்கப் போகும்போதே பக்கத்து மருந்துக்கடையில் அதையும் வாங்கி வந்துவிடுவேன். காலையும் மாலையும் சாப்பாட்டோடு, ஊசியில்லாத சிரிஞ்சில் அளந்து கன்னத்தின் உள்பக்கம் விடுவேன். முகத்தைச் சுளித்துக்கொண்டு விழுங்குவாள்.

அதற்கு முன்பு கொடுத்த மருந்துகள் எதுவும் கைகொடுக்கவில்லை. கார் ஓட்டும்போது பின்னால் அவள் தலை சாய்ந்தால், அது தூக்கமா வலிப்பா என்று கண்ணாடியில் பார்த்துக்கொண்டே ஓட்டியிருக்கிறேன். ஒரு முறை பள்ளி வாசலிலேயே உதடு நீலமாகிவிட்டது. எண்ணெய் தொடங்கிக் கொஞ்ச நாளில் வலிப்பு குறைந்தது. பிறகு வரவே இல்லை.

ஆனால் அதே சமயத்தில் திண்டுக்கல் பக்கத்து ஊரில் என் மாமியாரும் ஒன்று செய்திருந்தார். பேத்திக்கு வலிப்பு நின்றால் குலதெய்வமான அம்மன் கோயிலில் மொட்டை போட்டுக் காது குத்துகிறேன் என்று வேண்டிக்கொண்டு, மஞ்சள் துணியில் காணிக்கை முடிந்து சாமி படத்தடியில் வைத்துவிட்டார். எண்ணெய் எதிலிருந்து வருகிறது என்று அவருக்குத் தெரியாது. மூலிகை மருந்து என்று என் கணவர் சொல்லி வைத்திருக்கிறார். அது பொய்யும் இல்லை, உண்மையும் இல்லை.

"அம்மாதான் நிப்பாட்டினா, தாயி," என்றார் மாமியார் போனில். "சொன்னதைச் செஞ்சிடணும். தள்ளிப்போட்டா திரும்ப வந்துரும்."

நானும் அம்மனை நம்புகிறவள்தான். அன்றைக்கே சிங்கப்பூர் வழியாக டிக்கெட் போட்டோம். பெட்டியின் எடை, விடுமுறை, காது குத்த மடியில் வைத்துக்கொள்ளும் தாய்மாமன் லீவு என்று எல்லாவற்றையும் யோசித்தோம். எண்ணெயைப் பற்றி யோசிக்கவே இல்லை. எனக்கு அது வெறும் மருந்தாகிவிட்டிருந்தது.

பயணத்துக்குச் சேர்த்து வாங்கலாமா என்று கேட்கப் போனபோதுதான் மருந்துக்கடை அக்கா நிமிர்ந்து பார்த்தார். யாழ்ப்பாணத்துக்காரர், எங்களுக்கு எல்லாம் எடுத்துச் சொல்லித் தருபவர்.

"எந்த வழியால போறீங்கள்?"

சொன்னேன். அவர் குரலைத் தாழ்த்தினார்.

"தங்கச்சி, இஞ்ச இது மருந்து. இதைக் கொண்டு அங்க இறங்கினா ஆர் எழுதித் தந்ததெண்டு பாக்க மாட்டினம். முதல்ல அனுமதி எடுக்கோணும். குடுப்பினமோ எண்டு எனக்குச் சொல்ல ஏலாது."

அன்றிலிருந்து படிக்கிறேன். படிக்கப் படிக்கக் குழப்பம்தான் கூடுகிறது. சிங்கப்பூரில் ஒரு சட்டம். இந்தியாவுக்கு ஒரு சட்டம், அதற்குள் மாநிலத்துக்கு மாநிலம் வேறு விதி. வடக்கே வேலை பார்க்கும் என் கணவரின் நண்பர், அங்கே கஞ்சா இலையை அரைத்த பாங்கு விற்க லைசென்ஸ் கடையே இருக்கிறது என்று சிரிக்கிறார். அதே செடியின் பெயரைத் தமிழ்நாட்டில் போலீஸ் வாயிலிருந்து கேட்டால் எந்த வீட்டிலும் சிரிக்க மாட்டார்கள். கடைச் சரக்கும் என் மகளின் மருந்தும் ஒன்றல்ல என்று எனக்குத் தெரியும். கேட்கப்போகிறவருக்குத் தெரியுமா?

மருத்துவரிடம் பயணத்துக்கு மட்டும் நிறுத்தலாமா என்று கேட்டேன். சட்டென்று நிறுத்தக் கூடாது, திரும்ப வந்துவிடலாம், முன்பைவிட மோசமாகவும் வரலாம் என்றார். மாமியார் சொன்ன அதே வார்த்தை. போகாவிட்டால் திரும்ப வரும். போய், எண்ணெயை விட்டாலும் திரும்ப வரும்.

மாமியாரிடம் பாதி உண்மையைச் சொன்னேன், அந்த மருந்தை எடுத்து வருவதில் சிக்கல் என்று. "அப்ப அங்கயே வச்சிட்டு வா. ஆத்தா இருக்கா," என்றார்.

என் கணவரின் அதே நண்பர் வேறு யோசனை சொன்னார். "விளக்கெண்ணெய் பாட்டில்ல ஊத்துங்க சிஸ்டர். சாமானோட சாமானா வந்துரும்." ஸ்பீக்கரில் கேட்டு நானும் சிரித்தேன். என் கணவர் சிரிக்கவில்லை. மறுநாள் நான் வேலையிலிருந்து வந்தபோது சிங்க் பக்கத்தில் ஒரு சின்ன விளக்கெண்ணெய் பாட்டில் கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. லேபிள் கிழியாமல் பார்த்துக் கழுவியிருந்தார். பாட்டில் காய்ந்துவிட்டது. இன்னும் அங்கேயே இருக்கிறது. பாத்திரம் துலக்கும்போதெல்லாம் அதைச் சுற்றித் துலக்குகிறேன்.

நேற்று மகள் கண்ணாடி முன்னால் நின்று காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். "மம்மி, வில் இட் ஹர்ட்?" என்றாள். கொஞ்சமாக வலிக்கும் என்றேன். எதைப் பற்றிச் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை.

சிங்கப்பூருக்கும் இந்தியாவுக்கும் அனுமதி கேட்டு எழுதியிருக்கிறேன். பதில் வரவில்லை. பயணம் நெருங்குகிறது. டிக்கெட்டை ரத்து செய்தால் மாமியாரிடம் என்ன காரணம் சொல்வது? அதற்குப் பிறகு ஒரு நாள் வலிப்பு வந்துவிட்டால், அது என்னால் வந்தது என்று நானே நம்பிவிட மாட்டேனா?

இதைப் படிக்கிறவர்களில் யாராவது இப்படி ஒரு மருந்தோடு குழந்தையை ஊருக்கு அழைத்துப் போயிருக்கிறீர்களா? யாரிடம் அனுமதி வாங்கினீர்கள், எந்த வழியாகப் போனீர்கள்? வேண்டுதலை இங்கேயே, ஆக்லாந்துக் கோயிலிலேயே நிறைவேற்றி, வீட்டுப் பெரியவர்களை ஒப்புக்கொள்ள வைத்தவர்கள் உண்டா? எப்படிப் பேசினீர்கள் என்று தயவுசெய்து எழுதுங்கள். அந்த விளக்கெண்ணெய் பாட்டிலைக் குப்பையில் போட எனக்கு ஒரு காரணம் வேண்டும்.