ஏற்ற இறக்கம் இல்லாத குரல்

அம்பத்தூர் எஸ்டேட்டில் இரும்புத் தகடு அடிக்கும் ஒரு பிரஸ் ஷாப்பின் மாடியில்தான் நான் கம்ப்யூட்டரைத் தமிழ் பேசவைக்கப் பாடுபட்டேன். தொண்ணூறுகளின் தொடக்கம். கீழே மிஷின்கள் நிற்கிற சாப்பாட்டு நேரத்தில்தான் ஒலிப்பதிவு. 'பகா, பகி, பகு' என்று அர்த்தமில்லாத சொற்களைப் படிக்கவைத்து, அந்த ஒலிகளைத் துண்டு துண்டாக வெட்டி, வேண்டிய வரிசையில் ஒட்டினால் வாக்கியம் வரும். எல்லாத் துண்டும் ஒரே சுருதியில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் குரல் ஒவ்வொரு ஒட்டிலும் தடுக்கி விழும்.

அவற்றைப் படித்தவள் எங்கள் டெலிபோன் ஆபரேட்டர். நெமிலிச்சேரியிலிருந்து ரயிலில் வருவாள், சர்ச்சில் பாடுகிறவள். அவள் குரல் தேறினால் வேலையை நிரந்தரமாக்குவதாக முதலாளி சொல்லியிருந்தார். ஆனால் அவளுக்குப் 'பகா'கூடப் பாட்டாகத்தான் வந்தது. நடுவில் சிரிப்பு வேறு. இது உங்கள் சர்ச் இல்லை என்று எல்லார் எதிரிலும் கடிந்தேன். மூன்று வாரம் அழவிட்டேன். அழுதாலும் சுருதி மாறுகிறதென்று அதற்கும் திட்டினேன்.

அந்தச் சமயத்தில் அவள் தம்பி தண்டவாளம் தாண்டும்போது ரயிலில் அடிபட்டுச் செத்துப்போனான். கம்ப்யூட்டர் பேசுவதைக் கேட்க வாடிக்கையாளர்கள் வரும் நாளோ நெருங்கிவிட்டது. அடக்கம் முடிந்த மறுநாளே, வராவிட்டால் வேறு பெண்ணை வைத்துக்கொள்வோம் என்று கம்பெனி டிரைவரிடம் சொல்லியனுப்பினேன். வந்தாள். நான்கு நாளில் எல்லாவற்றையும் முதலிலிருந்து படித்து முடித்தாள். ஒரு ஏற்றம் இல்லை, இறக்கம் இல்லை. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பழைய பதிவை அழித்து அதே டேப்புகளில்தான் இதை ஏற்றினேன். மனுஷனா நான் என்று இப்போது கேட்டு என்ன ஆகப்போகிறது.

ஒட்டுப்போட்ட இடம் எனக்கே தெரியவில்லை. கம்ப்யூட்டர் வணக்கம் சொன்னதும் முதலாளி முகம் சுளித்தார்.

"இன்னாய்யா இது, எழவு ஊட்டுல நின்னுகினு வாங்க வாங்கன்ற மாதிரி கீது. வேற பொண்ணப் பாரு."

குரல் தேறவில்லை, இந்த மாதத்தோடு வேலையும் இல்லை என்று நான்தான் போய்ச் சொன்னேன். அவள் அழவில்லை.

"மொதல்ல படிச்சது இருக்கே சார். அத ஒரு தபா போட்டுக் காட்டக் கூடாதா?"

அழித்துவிட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. முதலாளி அதையும் கேட்டார், அது இன்னும் மோசம் என்றார் என்று சொன்னேன். நம்பிவிட்டாள். உங்கள் நேரத்தையெல்லாம் வீணாக்கிவிட்டேன் சார் என்று என்னிடமே மன்னிப்புக் கேட்டாள்.