தொட்டிக்கு நடுவில் வைத்த கண்ணாடி

கண்ணாடிக்காரர் என்றுதான் தெருவில் அவரைச் சொல்வார்கள். ஜன்னல், ஷோகேஸ், மேசைப் பலகை, எதுவானாலும் அளவெடுத்து அறுத்துப் பொருத்தித் தருவார். ஒரு கடை முகப்புக்கு அவர் போட்ட கண்ணாடியில் முதல் நாளே இரண்டு பேர் நெற்றியை இடித்துக்கொண்டார்கள். கடைக்காரர் சண்டைக்கு வந்தபோது, "கண்ணாடி இருக்கிறதே தெரியலன்னா வேலை சுத்தம்னு அர்த்தம். வேணும்னா ஒரு ஸ்டிக்கர் ஒட்டிக்குங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார். மற்றபடி பெருமையடிக்கிற ஆள் இல்லை.

அவருடைய வீட்டுக் கூடத்தில் ஆறடி நீளத்துக்கு ஓர் உப்புநீர் மீன்தொட்டி இருக்கிறது. செய்தது அவர், வளர்த்தது அவருடைய மனைவி. பள்ளிக்கூடத்தில் ஆய்வுக்கூட உதவியாளராக இருந்தவர் அந்த அம்மாள். உப்பைக் கரைப்பது, அடர்த்தி பார்ப்பது, கல்லில் படிந்த பாசியைப் பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்ப்பது எல்லாம் அவர்தான். தொட்டியில் இருந்த மீன்களில் மூத்தது ஊதா நிறத்தில், தட்டு போலத் தட்டையாக, வாலின் அடியில் பேனாக்கத்தி மாதிரி ஒரு முள்ளோடு இருந்தது. விளக்குப் போட்டதும் இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் நடந்து எல்லாக் கல்லையும் எட்டிப் பார்க்கும். "வந்துட்டார் மேனேஜர், யார் யார் லேட்னு பாக்க" என்பார் அந்த அம்மாள். பெயர் அப்படியே நின்றுவிட்டது.

ஒரு நாள் காலை அந்த அம்மாள் உப்புப் பொட்டலத்தைப் பிரித்தபடியே சரிந்து விழுந்தார். பக்கவாதம். வலது கையும் காலும் போயின, பேச்சும் போயிற்று. "எல்லாம் புரியும். சொல்லத்தான் வராது" என்றார் மருத்துவர். அந்த இரண்டில் எது பெரிய தண்டனை என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. கண்ணாடிக்காரர் மனைவியின் நாற்காலியைத் தொட்டிக்கு எதிரில் போட்டார். பகலில் பார்த்துக்கொள்ள ஓர் ஆயாவை வைத்தார். வாரம் ஒருமுறை பேச்சுப் பயிற்சி தரும் பெண் வந்து படங்களைக் காட்டி, "இது என்னம்மா? ப... ப..." என்று எடுத்துக்கொடுத்துப் பார்ப்பார். அந்த அம்மாள் படத்தைப் பார்ப்பார், பிறகு தொட்டியைப் பார்ப்பார். மாதங்கள் போயின.

இந்த நிலையில்தான் மைத்துனர், அந்த அம்மாளின் தம்பி, ஒரு ஞாயிற்றுக்கிழமை கையில் பிளாஸ்டிக் பையோடு வந்தார். உள்ளே பளிச்சென்று ஒரு மஞ்சள் மீன்.

"கேக்காம ஏன் மாப்ள வாங்கின? இதோட உடம்பு வாகும் மேனேஜர் உடம்பு வாகும் ஒண்ணு. தன்னை மாதிரியே இன்னொன்னு வந்தா அவன் விடுவானா?"

"உங்க மேனேஜருக்கு ரிட்டயர் ஆகிற வயசாச்சு அத்தான். சார்ஜை ஒப்படைக்கச் சொல்லுங்க."

"நீ முதல்ல உன் ஆபீஸ்ல ஒரு இடத்துல ஒழுங்கா உக்காரு, அப்புறம் அடுத்தவன் சார்ஜைப் பேசு."

இப்படி இருவரும் பையைக் கையில் வைத்துக்கொண்டு வம்பளந்துகொண்டிருக்கும்போது நாற்காலியிலிருந்து சத்தம் வந்தது.

"மஞ்ச."

மைத்துனர் வாயைப் பொத்திக்கொண்டார். கண்ணாடிக்காரர் நாற்காலி முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, "என்னம்மா? திருப்பிச் சொல்லு" என்றார். அந்த அம்மாள் திருப்பிச் சொன்னார். அதற்குப் பிறகு அந்த மீனைக் கடைக்குத் திருப்பி அனுப்புவது என்ற பேச்சே இல்லை.

மேனேஜரை வெளியே கொடுக்கவும் மனம் வரவில்லை. அது மனைவி கையால் வளர்ந்தது. இரண்டும் இருக்க வேண்டும், ஒரே தொட்டியில் இருக்க வேண்டும். ஒன்று மனைவியின் பழைய வாழ்க்கை, மற்றது திரும்பி வந்த ஒரே சொல். எதையும் இழக்க அவர் தயாராக இல்லை.

மேனேஜர் மஞ்சள் மீனை முதல் மணி நேரத்திலேயே ஒரு மூலைக்கு விரட்டிவிட்டது. வாலைத் திருப்பி முள்ளால் கீறியது. மஞ்சளின் துடுப்பு கிழிந்து தொங்கியது. கண்ணாடிக்காரர் வளர்ப்புக் கடல்மீன் கடை நடத்தும் பெண்ணிடம் போய் யோசனை கேட்டார். "தொட்டிக்கு வெளியே முகம் பாக்குற கண்ணாடிய ஒட்டிவைங்க. பழசு தன் உருவத்தோட சண்டை போட்டுக்கிட்டு இருக்கும், புதுசு மூச்சு விட்டுக்கும்" என்றார் அவர். செய்தார். இரண்டு நாள் மேனேஜர் தன்னோடே மல்லுக்கு நின்றது. பிறகு அது வெறும் உருவம் என்று எப்படியோ விளங்கிவிட்டது. மனிதர்களில் பலருக்கு அவ்வளவு சீக்கிரம் விளங்குவதில்லை.

அடுத்து, கல்லையெல்லாம் எடுத்து வேறு மாதிரி அடுக்கச் சொன்னார் கடைக்காரப் பெண். எந்தப் பொந்து யாருடையது என்று யாருக்கும் தெரியாமல் போனால், பழைய மீனும் புது மீனைப் போலத் தடுமாறும் என்பது கணக்கு. அதுவும் சில நாள்தான் தாங்கியது.

"அப்போ நடுவுல தடுப்பு வைக்கணும். பால் நிற பிளாஸ்டிக் தகடு இருக்கு, ஓட்டை போட்டது. ஒரு மாசம் கழிச்சு எடுத்துப் பாருங்க."

"என் தொட்டியில பிளாஸ்டிக்கா? நான் என்ன வேலை செய்றவன்னு தெரிஞ்சுதான் பேசுறீங்களா?" என்று சிரித்தார் அவர்.

எட்டு மில்லிமீட்டர் கனக் கண்ணாடியை எடுத்து, தண்ணீர் ஓட ஓரங்களில் துளையிட்டு, விளிம்பைத் தேய்த்து மழுக்கி, தொட்டிக்கு நடுவே இறக்கினார். அவர் செய்த வேலைகளில் அது சிறந்ததாக இருக்கலாம். தண்ணீருக்குள் போனதும் தடுப்பு இருப்பதே தெரியவில்லை. மனைவி உட்கார்ந்த இடத்திலிருந்து இரண்டு மீனையும் மறைப்பில்லாமல் பார்க்கலாம். அதுதான் அவர் எண்ணம். மேனேஜரும் மறைப்பில்லாமல் பார்க்கும் என்பது அந்த எண்ணத்துக்குள் வரவில்லை.

காலையில் தொட்டி விளக்கைப் போட்டுவிட்டு வேலைக்குப் போவார். திரும்பும்போது விளக்கு அணையும் நேரம். மீன்கள் கல்லிடுக்கில் ஒதுங்கியிருக்கும். அவர் கண்டது அமைதியான தொட்டி. மனைவி மட்டும் அவரைப் பார்த்ததும், "மஞ்ச, மஞ்ச, மஞ்ச" என்பார். முகம் சிவக்கும். இடது கையால் நாற்காலியின் கைப்பிடியைத் தட்டுவார். ஒரு தரம் சொன்ன சொல் இப்போது பல தரம் வருகிறதே என்று அவர் மகிழ்ந்து போனார். மைத்துனருக்கு போன் போட்டு, "உங்கக்கா வாய் ஓயல மாப்ள!" என்றார்.

ஆயா ஒரு நாள் கிளம்பும்போது சொன்னார்: "ஐயா, அந்த ஊதா மீனு கண்ணாடியில முட்டிக்கிட்டே கிடக்குது. பகல் பூரா அதே வேலை."

"முட்டட்டும்மா. எட்டு மில்லி கண்ணாடி. யானை முட்டினாலும் ஒண்ணும் ஆகாது."

ஆயா செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். ஒருவர் மீனைப் பற்றிச் சொன்னார், மற்றவர் கண்ணாடியைப் பற்றிக் கேட்டுக்கொண்டார்.

அடுத்து வந்த விடுமுறை நாளன்று, மனைவியை எழுப்புவதற்கு முன் விளக்கைப் போட்டபோது மேனேஜர் மணலில் பக்கவாட்டில் கிடந்தது. வாய் வெள்ளையாகப் பிய்ந்திருந்தது. பல நாளாக எதையும் கடித்துத் தின்ன முடிந்திருக்காது. வயிறு ஒட்டி உள்வாங்கியிருந்தது. தடுப்பில், மீன் உயரத்தில், ஓர் இடம் மட்டும் மங்கலாக இருந்தது. விரலால் தடவினார். கண்ணாடியில் கீறல் கூட இல்லை. சளி போன்ற ஏதோ ஒன்று படிந்திருந்தது, துடைத்ததும் போய்விட்டது. அப்போதுதான் அந்த "மஞ்ச, மஞ்ச" அவருக்கு வேறு விதமாகக் கேட்டது. மனைவி தினமும் தன்னிடம் இருந்த ஒரே சொல்லை வைத்து அவரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

மீனைத் துணியில் சுற்றி எடுத்துப்போய்ப் புதைத்தார். தடுப்பை உருவிக் கொல்லைச் சுவரில் சாய்த்துவைத்தார். பிறகு மனைவியை அழைத்துவந்து உட்காரவைத்தார். அந்த அம்மாள் தொட்டியை ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை பார்த்தார்.

"எங்க?"

புதுச் சொல். அவர் தொட்டியைக் காட்டி, "கல்லுக்குப் பின்னால இருக்கும்மா" என்றார்.

மறுநாளும் கேட்டார். அதற்கடுத்த நாளும். பயிற்சி தரும் பெண்ணுக்குத் தலைகால் புரியவில்லை. "சார், இது வெறும் பேர் சொல்றது இல்ல. கேள்வி கேக்குறாங்க! விடாதீங்க, தினமும் கேக்க வையுங்க. இதுலேருந்து மத்ததெல்லாம் ஒண்ணொண்ணா வரும்."

கல்லுக்குப் பின்னால், தூங்குது, கடையில மருந்துக்கு விட்டிருக்கேன் என்று அவர் பதில்களை மாற்றிக்கொண்டே வந்தார். மீன் இல்லாத வரை அந்தச் சொல் வந்துகொண்டிருக்கும். பொய் இருக்கும் வரை அது கேள்வியாகவும் இருக்கும். ஆனால் ஒவ்வொரு தடவையும் மனைவி தொட்டியைப் பார்க்கும் நேரம் குறைந்து, அவர் முகத்தைப் பார்க்கும் நேரம் கூடிக்கொண்டே போயிற்று.

ஒரு சாயங்காலம், வேலை உடுப்பைக்கூட மாற்றாமல் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

"செத்துப்போச்சும்மா. நான் வச்ச கண்ணாடியில முட்டி முட்டிச் செத்துப்போச்சு. நீ சொல்லிக்கிட்டுதான் இருந்த. எனக்குக் கேக்கல."

அந்த அம்மாள் அழவில்லை. தலையை ஒருமுறை அசைத்தார். தெரிந்த செய்தியை இன்னொருவர் வாயால் கேட்பவரைப் போல இருந்தது அது.

அவர் செய்தது சரியா என்று கேட்டால் நான் சட்டென்று ஆமாம் சொல்ல மாட்டேன். நோயாளிக்கு அந்தக் கேள்வி மருந்தாக இருந்தது; அதை அவர் நிறுத்தினார். ஆனால் கேட்பவரை ஏமாற்றித்தான் அந்த மருந்தைத் தர வேண்டியிருந்தது.

அடுத்த வாரம் பயிற்சி தரும் பெண் வந்து படங்களைப் பரப்பினார். அரை மணி நேரம் போயிற்று. அந்த அம்மாள் உதட்டைக்கூடப் பிரிக்கவில்லை. தொட்டி முழுவதும் இப்போது மஞ்சள் மீனுடையது. அது பாதித் தொட்டியிலேயே சுற்றி, தடுப்பு இருந்த இடம் வந்ததும் திரும்பிக்கொண்டிருந்தது.

"என்ன சார், அந்த 'எங்க' இப்ப வர்றதே இல்லையா?"

"இல்லைங்க" என்றார் கண்ணாடிக்காரர். "பதில் சொல்லிட்டேன்."