கொச்சியில் ஏறிய அக்கா

மும்பையிலிருந்து கப்பலில் அறையே இல்லை என்று அக்காவிடம் நான் சொன்னது பொய். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சுற்றி வளைத்துச் சொல்ல ஆரம்பித்தால் எனக்குச் சாதகமாகவே சொல்லிக்கொண்டு போவேன். என் குணம் எனக்குத் தெரியும்.

மும்பை, கோவா, கொச்சி என்று வட்டமடிக்கும் உல்லாசக் கப்பல் அது. மும்பையில் ஏறுகிறவர்கள் ஐந்தாம் நாள் காலை மும்பையில் இறங்கிவிடலாம். கொச்சியில் ஏறுகிறவர்கள் அதே கப்பலில் மும்பை, கோவா பார்த்துவிட்டுக் கொச்சியிலேயே இறங்கலாம். நம் டவுன் பஸ் மாதிரிதான், வழியில் ஏறி வழியில் இறங்குவது. இந்த ஏற்பாடு எனக்கு இவ்வளவு தோதாக அமையும் என்று கப்பல்காரர்கள்கூட நினைத்திருக்க மாட்டார்கள்.

புனேயில், ஹடப்சரில் எங்கள் அடுக்குமாடி வளாகத்தில் காலையில் சேர்ந்து நடக்கிற நான்கு தம்பதிகள் சேர்ந்து போவதாகத் திட்டம். நாங்கள் மட்டும்தான் தமிழ். நான் வாய் தவறி இதை அக்காவிடம் போனில் உளறிவிட்டேன். மறுநாளே கோயம்புத்தூரிலிருந்து அக்கா கூப்பிட்டாள். வெளிநாட்டில் இருக்கும் மகன், சித்தியோடு நீயும் போய்விட்டு வா, டிக்கெட் என் பொறுப்பு என்று சொல்லிவிட்டானாம். மாமா காலமாகி அப்போது ஒரு வருஷம் முடிந்திருந்தது.

“நாலு நாள் முந்தியே உங்கூட்டுக்கு வந்துர்றேன் கண்ணு. கோர்படில நம்ம குவார்ட்டர்ஸை ஒருக்கா பாத்துட்டு, அப்பறம் எல்லாரும் ஒண்ணா டாக்சி புடிச்சு மும்பை போயி ஏறிக்கலாம்” என்றாள். அவள் குரலில் அவ்வளவு சந்தோஷத்தை மாமா போனபின் அன்றுதான் கேட்டேன்.

அவளை அப்படி வரவிடக் கூடாது என்று அப்போதே முடிவுசெய்தேன்.

காரணத்தைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. எங்கள் நடைக்கூட்டத்தில் ஓர் அம்மாள் உண்டு, ராணுவக் கர்னல் ஒருவரின் மகள். புனேவுக்கு முதலில் வந்தபோது எங்கே தங்கியிருந்தாய் என்று ஒருநாள் கேட்டார். கோர்படியில், ரயில்வே குவார்ட்டர்ஸில், அக்கா வீட்டில் என்றேன். அதுவரை உண்மை. “ஓ, உன் ஜீஜாஜி ரயில்வே ஆஃபீசரா?” என்று மாமாவைப் பற்றிக் கேட்டார். நான் புன்னகைத்தேன். அடுத்த முறை வேறொருவர் கேட்டபோது புன்னகையோடு தலையையும் ஆட்டினேன். மூன்றாம் முறை நானே சொன்னேன். பெரிய பங்களா, முன்னால் மாமரம் என்றெல்லாம் சொன்னதாக ஞாபகம். மாமரம் இருந்தது. அது பக்கத்துப் பங்களாவில் இருந்தது.

மாமா ரயில் பெட்டிகளைப் பழுதுபார்க்கும் இடத்தில் ஃபிட்டர். விரல் நகங்களுக்குள் கிரீஸின் கருப்பு மை எப்போதும் போகாது. வீடு ஓர் அறையும் சமையலறையும். வேலை தேடி நான் வந்திறங்கியபோது அந்த ஓர் அறையை எனக்கும் அக்காவுக்கும் விட்டுவிட்டு, மூன்று வருஷம் வெளி வராந்தாவில் படுத்தார். புனேயின் டிசம்பர் குளிரில் கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு, “எனக்கு இங்கதாம்மிணி காத்து வருது” என்பார். அந்த மனிதரைத்தான் நான் ஆஃபீசராக்கினேன். பதவி உயர்வு என்று யாரும் நினைத்துவிட வேண்டாம்.

அக்காவுக்கோ அவர் ஃபிட்டர் என்பதில் அப்படி ஒரு பெருமை. முன்பின் தெரியாதவரிடம்கூட இரண்டு நிமிஷத்தில் தன் கோர்படி மார்க்கெட் ஹிந்தியில், “மேரா ஆத்மி ஃபிட்டர் தா, ஏ-ஒன் ஃபிட்டர்” என்று புருஷன் பெருமையை ஆரம்பித்துவிடுவாள். அவர் சரிபார்த்த வண்டி நடுவழியில் நின்றதே இல்லை என்பாள். நான்கு நாள் என் வீட்டில் இருந்து, டாக்சியில் நான்கு மணி நேரம் அந்தக் கூட்டத்தோடு உட்கார்ந்து வந்தால், வழியில் லோனாவ்லா தாண்டுவதற்குள் என் மானம் கப்பலேறிவிடும் என்று பயந்தேன்.

டிராவல்ஸ்காரரிடம் கேட்டேன். மும்பையிலிருந்தே உங்கள் பக்கத்து அறை காலி மேடம், அக்காவை அங்கேயே ஏற்றிக்கொள்ளுங்கள் என்றார். இல்லை, அவருக்குக் கொச்சிதான் வசதி என்றேன். மூன்றாம் நாள் ஏறினால் இரண்டு ராத்திரிதான் எங்களோடு. அதை எப்படியாவது சமாளித்துக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டேன். அக்காவிடம் மட்டும், “மும்பைல ரூமெல்லாம் ஃபுல்லாயிருச்சுங்கக்கா, கொச்சிலிருந்துதான் இருக்குதாம். உங்களுக்கும் கோயம்புத்தூர்லிருந்து பக்கம்” என்றேன்.

“அப்ப கோர்படி?” என்றாள்.

“அடுத்த தடவை பாத்துக்கலாங்கக்கா.”

“சரி கண்ணு. நீ என்ன பண்ணுவே, ரூமு இல்லாட்டி” என்றாள். என் வீட்டுக்காரர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார், பிறகு பேப்பரை மறுபடி பிரித்துக்கொண்டார்.

குற்ற உணர்ச்சி இல்லாமல் இல்லை. அதற்குப் பரிகாரமாக அந்தப் பக்கத்து அறையையே அக்காவுக்குக் கேட்டு வாங்கினேன். அந்தப் பாசம்தான் பின்னால் என்னைக் காட்டிக்கொடுத்தது.

கப்பலில் முதல் இரண்டு நாளும் ஆனந்தமாகப் போயின. எங்கள் அறை வரிசையைப் பார்த்துக்கொண்டவர் நடுத்தர வயதுக் கோவாப் பெண்மணி. பக்கத்து அறைக்கு என் அக்கா கொச்சியில் வருகிறார் என்று நானே அவரிடம் சொல்லி வைத்தேன். கதவு திறந்திருக்கும்போது போகிற வாக்கில் எட்டிப் பார்ப்பேன். சுருக்கமில்லாத வெள்ளை விரிப்பு, ஒரு நாற்காலி, கடல் தெரியும் வட்டக் கண்ணாடி. சட்டென்று பார்வையைத் திருப்பிக்கொண்டு நடப்பேன்.

மூன்றாம் நாள் கொச்சி. கூட்டமாக ஆட்கள் ஏறினார்கள். ரயிலில் முதல் ஸ்டேஷனில் ஏறி உட்கார்ந்தவர்கள் அடுத்த ஸ்டேஷனில் ஏறுகிறவர்களைப் பார்ப்பார்களே, அதே பார்வைதான் இங்கும். இரண்டே நாளில் கப்பல் எங்கள் அப்பன் வீட்டுச் சொத்தாகியிருந்தது. கர்னல் மகள், “கொச்சி பார்ட்டி வந்தாச்சு, இனி காலை டிபனுக்கு க்யூதான்” என்றார். எல்லோரும் சிரித்தோம். நானும்தான்.

புதிதாக ஏறியவர்களுக்குப் பாதுகாப்புப் பயிற்சி நடந்தது. நாங்கள் மும்பையிலேயே முடித்துவிட்டதால் மேல் தளத்தில் நின்று வேடிக்கை பார்த்தோம். கீழே வரிசையில் அக்கா, காட்டன் புடவைக்கு மேல் ஆரஞ்சு மிதவைச் சட்டை, காலில் புது வெள்ளை கான்வாஸ் ஷூ. நாடாவை எங்கே கட்டுவதென்று தெரியாமல் முழித்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து என்னைப் பார்த்துவிட்டாள். “கண்ணூ!” என்று இரண்டு கையையும் ஆட்டினாள். சுற்றி நின்றவர்கள் எல்லாம் மேலே பார்த்தார்கள். நான் இடுப்பளவுக்கு மேல் கை தூக்காமல் விரலை மட்டும் அசைத்தேன். அந்தக் கையை இப்போது நினைத்தாலும் வெட்ட வேண்டும் போலிருக்கிறது.

பயிற்சி முடிந்ததும் அவளை அறைக்கு அழைத்துப்போனேன். கோவாப் பெண்மணி கதவைத் திறந்துவிட்டு, அக்காவின் பெட்டியை உள்ளே வைத்தார். நல்ல மனுஷி, நாலு வார்த்தை பேசினால்தான் அவருக்குத் திருப்தி. “வாங்க தீதி, இந்த அறை மும்பையிலிருந்தே உங்களுக்காகக் காலியாக் காத்துக்கிட்டிருக்கு. யாருமே தங்கலை. நான்தான் தினம் தூசி தட்டி வைக்கிறேன்” என்றார், தெளிவான ஹிந்தியில். கோர்படியில் இருபத்தாறு வருஷம் குடித்தனம் நடத்தியவளுக்கு அந்த ஹிந்தியில் புரியாதது எதுவும் இல்லை.

அக்கா, “அச்சா” என்றாள். படுக்கையின் ஓரத்தில் உட்கார்ந்தாள். விரிப்பை உள்ளங்கையால் ஒருமுறை தடவினாள். பிறகு குனிந்து ஷூவின் நாடாவை அவிழ்க்க ஆரம்பித்தாள். என்னைப் பார்க்கவில்லை.

கடைசி நேரத்தில் யாரோ ரத்து செய்திருப்பார்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். அக்கா முந்திக்கொண்டாள்.

“நீ போ கண்ணு, உன்ற சிநேகிதிங்க தேடுவாங்க. நான் மொகம் கழுவிட்டு வர்றேன்” என்றாள்.

எட்டு மணிக்குச் சாப்பாட்டு மேஜை. நான் அன்று என்ன தின்றேன் என்று எனக்குத் தெரியாது. அக்கா பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். என்றைக்கும் இல்லாத திருநாளாய், கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னாள். கொச்சியில் மழையா, சாப்பாடு பிடித்ததா, இப்படி. நான் ஒவ்வொரு கேள்விக்கும் என் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கர்னல் மகள்தான் கேட்டார், நல்ல மனதோடுதான். “தீதி, உங்க வீட்டுக்காரர் ரயில்வேல பெரிய ஆஃபீசரா இருந்தாராமே? உங்க தங்கச்சி அந்த பங்களாவைப் பத்தி நிறையச் சொல்லியிருக்கா.”

அக்கா என் பக்கம் திரும்பினாள். கோபம் இல்லை. காய்ச்சலில் கிடக்கிற குழந்தையைப் பார்ப்பது போல ஒரு பார்வை. மாமா வராந்தாவில் படுத்த மூன்று குளிர்காலமும் அதற்குள் எனக்கு ஞாபகம் வந்துவிட்டது. நானே சொல்லிவிடலாம் என்று ஒரு கணம் நினைத்தேன். ஆனால் நினைத்ததோடு சரி.

அக்கா வாயைத் துடைத்துக்கொண்டாள். “ஹாங் ஜி” என்று ஆமோதித்தாள். “ஆஃபீசர் தே.”

அவ்வளவுதான். பேச்சு வேறு பக்கம் போய்விட்டது. மேஜைக்கு அடியில் அவள் இடது கை மடியில் கிடந்தது. கட்டைவிரலால் ஆள்காட்டி விரல் நகத்தைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். மாமா வேலையிலிருந்து வந்ததும் மண்ணெண்ணெயும் துணியுமாக உட்கார்ந்து நகத்து மையைத் தேய்ப்பார். எதிரே உட்கார்ந்திருக்கும் அக்காவின் விரலும் தன்னையறியாமல் அப்படித் தேய்க்கும். எத்தனையோ நாள் அதைப் பார்த்து நான் சிரித்திருக்கிறேன்.

அறுபத்திரண்டு வயதில் அவளைப் புருஷனை மறைத்துப் பேச வைத்தேன். அவர் போய் ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது.

மறுநாள் முழுக்கக் கடல்தான். அக்கா என்னோடு காபி குடித்தாள், மேல் தளத்தில் நடந்தாள், மகனுக்கு அனுப்பப் படம் எடுக்கச் சொன்னாள். கோர்படியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஃபிட்டர் என்ற சொல் அவள் வாயிலிருந்து வரவில்லை. அவள் நாலு திட்டுத் திட்டியிருந்தால் நான் அழுது தொலைத்துத் தப்பித்திருப்பேன். இரண்டு முறை மன்னிப்புக் கேட்க அவள் கதவு வரை போனேன். இரண்டு முறையும் உள்ளே போய், டீ சொல்லட்டுமா என்று கேட்டுவிட்டுத் திரும்பினேன்.

ஐந்தாம் நாள் காலை மும்பை. எங்கள் பயணம் முடிந்தது. அவளுக்கு இன்னும் பாதி பாக்கி. நாங்கள் பெட்டிகளோடு வரிசையில் நின்றபோது அக்கா வாசல் வரை வந்தாள். “மாப்பிள்ளையைப் பாத்துக்க, வேளா வேளைக்குச் சாப்பிடு” என்றாள். கீழே போய்த் திரும்பிப் பார்த்தேன். மேல் தளக் கம்பியருகே நின்றுகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கையை இடுப்பளவுக்கு மேல் தூக்காமல் விரலை மட்டும் அசைத்தாள். இந்த முறை நான் இரண்டு கையையும் தூக்கி ஆட்டினேன். சுற்றி நின்ற கூட்டம் பார்த்தது. பார்க்கட்டும் என்றிருந்தது, ஆனால் அதில் யாருக்கு என்ன லாபம்?

மறுநாள் மதியம் ஹடப்சர் வீட்டில் அழுக்குத் துணிகளை மெஷினில் போட்டுக்கொண்டிருந்தேன். அக்கா கூப்பிட்டாள். கப்பல் கோவாவில் நிற்கிறதாம், இப்போதுதான் டவர் கிடைத்ததாம். வெயில், தேவாலயம், ஷூ கடித்தது என்று எல்லாம் சொன்னாள். பிறகு சொன்னாள்:

“உன்ற ரூமு காலியாத்தான் கெடக்குது கண்ணு. மும்பைல ஒருத்தரும் ஏறுல. கொச்சி வரைக்கும் காலிதானாமா, அந்தம்மா சொல்லுச்சு. தினமும் தூசி தட்டி வெக்குது.”

குரலில் குத்தல் இருக்கிறதா என்று தேடினேன். இல்லை. ஊர் விஷயம் சொல்கிற மாதிரிதான் சொன்னாள். சொல்லிவிட்டுக் காத்திருந்தாள். போனில் அவள் மூச்சு கேட்டது. இரண்டு முறை அவள் கதவுவரை கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவந்த மன்னிப்பைக் கேட்க இதைவிட நல்ல இடம் கிடைக்காது என்று எனக்கு நன்றாகவே தெரிந்தது.

“ஷூ ரொம்பக் கடிச்சிருச்சுங்களாக்கா?” என்று கேட்டேன்.