செல்லாக்காசு மீனின் குஞ்சுகள்

யுத்தம் நடந்துகொண்டிருந்த நாட்களில் நாங்கள் கொரட்டூரில் குடியிருந்தோம். என் கணவருக்கு ரயில்வேயில் தந்திக் கம்பிகளையும் பாட்டரிகளையும் பார்த்துக்கொள்ளும் வேலை. அந்தக் காலத்துப் பாட்டரி என்பது கனத்த கண்ணாடித் தொட்டி; உள்ளே திராவகமும் ஈயத் தகடுகளும் இருக்கும். விளிம்பு உடைந்து கழித்துப்போட்ட தொட்டி ஒன்றை அவர் கேட்டு வாங்கிவந்தார். சாம்பலும் புளியும் போட்டுப் பலமுறை தேய்த்துக் கழுவி, சன்னலோரம் ஒரு பலகைமேல் வைத்தார். இரண்டு குடம் தண்ணீர் பிடித்தது. அடியில் மணல், ஒரு ஓட்டுத்துண்டு, கொஞ்சம் வேலம்பாசி.

ஏரி மதகடியில் வலை போடுகிறவர்கள் கூடையிலிருந்து பொறுக்கித் தூர எறிகிற மீன் ஒன்று உண்டு. உள்ளங்கையில் பாதிதான் இருக்கும். தட்டையாக, வட்டமாக, மஞ்சள் பூசினாற்போல் இருக்கும். விலாவில் ஒரு கறுப்புப் பொட்டு. காசு வடிவத்தில் இருந்தும் காசுக்குப் போகாததால் அதற்குச் செல்லாக்காசு என்றே பெயர். அதில் நாலைந்தை அவர் சொம்பில் பிடித்து வந்து தொட்டியில் விட்டார். அவற்றில் இரண்டு மட்டும் ஜோடியாகச் சேர்ந்துகொண்டு மற்றவற்றைத் துரத்தியடித்தன. துரத்தப்பட்டவை கிணற்றுக்குப் போயின.

காலை வெயில் தொட்டிக்குள் புகுந்து எதிர்ச்சுவரில் மஞ்சளாக அசையும். தூரத்தில் ரயில் போகும்போது நீரின் மேல்தட்டில் வளையங்கள் எழும். சத்தம் அதற்குப் பிறகுதான் நம் காதுக்கு வரும். அரிசி களைய உட்கார்ந்த நான், களைந்த அரிசியைக் கையிலேயே வைத்துக்கொண்டு அந்தச் சுவரைப் பார்த்தபடி இருந்த நாட்கள் உண்டு.

பட்டணத்தில் குண்டு விழும் என்று ஜனங்கள் மூட்டை கட்டிக் கிளம்பிய வாரத்தில் என் நாத்தனார் எங்கள் வீட்டுக்கு வந்தாள். கணவருக்கு ஒரே தங்கை. பெரம்பூரில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். தலைச்சன் பிள்ளை, ஆண் குழந்தை, பிறந்த சில நாளிலேயே போய்விட்டிருந்தது. அவளை ரயிலேற்றி அழைத்துவந்த அவள் கணவர், பட்டறையில் லீவு இல்லை என்று அடுத்த வண்டியிலேயே திரும்பிவிட்டார்.

அவள் பேசவில்லை. கூப்பிட்டால் வருவாள், போட்டதைச் சாப்பிடுவாள். பால் மட்டும் வற்றவில்லை. மார்பில் மல்லிகைப் பூவை வைத்துக் கட்டினால் வற்றும் என்பார்கள். தினமும் பூ வாங்கி நான்தான் கட்டிவிட்டேன். வீடு முழுக்க மல்லிகை வாசனை. கல்யாண வீடு மாதிரி மணக்கிறதே என்று எனக்குள் சங்கடமாக இருக்கும். அவள் தொட்டியின் எதிரே, சுவரில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்திருப்பாள். மீனைப் பார்க்கிறாளா, தண்ணீரைப் பார்க்கிறாளா, எனக்குத் தெரியாது.

அப்போதுதான் மீன்களின் அடிவயிறு கறுக்கத் தொடங்கியது. இரண்டும் ஓட்டுத்துண்டை வாயால் கொத்திக் கொத்திச் சுத்தம் செய்தன. ஒரு நாள் அதில் ரவை ஒட்டினாற்போல் முட்டைகள். தாய் துடுப்பால் விசிறும்; அது நகர்ந்ததும் தகப்பன் வந்து விசிறும். பிறகு குஞ்சுகள் கிளம்பின. கண் வைத்த தூசி மாதிரி. கூட்டமாக ஒரு புகைபோல எழுந்து தாயின்மேல் போய்ப் படிந்தன.

என் கணவர் குனிந்து பார்த்துவிட்டு முகம் சுளித்தார். "இன்னாடி இது, பெத்தவளையே பிச்சித் துன்னுதுங்க."

பார்க்க அப்படித்தான் இருந்தது. ஒவ்வொரு குஞ்சும் தாயின் விலாவில் வெடுக்கென்று கொத்திவிட்டு விலகியது. அவர் இளகிய மனசுக்காரர். கொட்டாங்கச்சியால் இரண்டு பெரிய மீன்களையும் மொண்டு ஒரு சட்டியில் விட்டார். குஞ்சுகளுக்கு வேகவைத்த முட்டையின் மஞ்சள்கருவைக் கரைத்து ஊற்றினார். அவை அதைத் தொடவில்லை. புகை கலைந்ததுபோல் தொட்டி எங்கும் சிதறின. மறுநாள் பல குஞ்சுகள் மணலில் கிடந்தன. மிச்சம் இருந்தவை, பாசியின் கறுத்த நிழல் ஒன்றைச் சுற்றிச் சுற்றி வந்தன.

அவர் குச்சியால் நீரைக் கலக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். பின்னாலிருந்து குரல் கேட்டது.

"அதுங்கள உள்ள உடுண்ணா."

வந்த நாளிலிருந்து அவளாக வாய் திறந்தது அப்போதுதான். அவர் திரும்பாமலேயே சொன்னார். "கட்ச்சியே கொன்னுடும் பாப்பா."

"கடிக்கல. குடிக்குதுங்க."

அவர் திரும்பினார். அவள் ரவிக்கை நனைந்திருந்தது. நகர்ந்து வழிவிட்டார். அவளே சட்டியில் கைவிட்டு, ஒவ்வொரு மீனாக அள்ளித் தொட்டிக்குள் இறக்கினாள்.

முதலில் ஒன்றும் நடக்கவில்லை. தாய் மீன் அசையாமல் நின்றது. பிறகு பாசிக்குள்ளிருந்து ஒரு குஞ்சு வந்தது. அதன் பின்னால் நாலைந்து. கொஞ்ச நேரத்தில் மஞ்சள் விலா முழுக்கக் குஞ்சுகள். தாய் மெல்ல உடலைச் சிலிர்த்துக்கொண்டு ஒதுங்க, கூட்டம் அப்படியே தகப்பன் மேல் தாவியது. அதுவும் நின்று கொடுத்தது. உடம்பில் ஊறும் வழவழப்பைத்தான் குஞ்சுகள் உண்கின்றன என்பது எங்களுக்கு அப்புறம் பார்க்கப் பார்க்கப் புரிந்தது.

"அப்பன்கிட்டயும் குடிக்குதுங்க பாரு அண்ணி" என்றாள். சொல்லிவிட்டு அழத் தொடங்கினாள். நான் அவளைப் பிடித்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்தேன். என் தோளெல்லாம் நனைந்தது. அவர் சட்டியை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போய், வெகுநேரம் அதைக் கழுவிக்கொண்டிருந்தார்.

அவள் கணவர் ஞாயிற்றுக்கிழமைகளில் வருவார். வாசலிலேயே நின்று, வாங்கிவந்த பழத்தை என்னிடம் நீட்டி, "துன்னாளா? தூங்குறாளா?" என்று கேட்பார். அறைக்குள் போக மாட்டார். எதைச் சொல்லிப் போவது என்று அவருக்குத் தெரியவில்லை. அந்த ஞாயிறும் அப்படியே நின்றிருந்தார். உள்ளேயிருந்து அவள் கூப்பிட்டாள்.

"இங்க வந்து பாரு."

செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். தொட்டியின் முன்னால் அவளுக்குப் பக்கத்தில் குந்தினார். அவள் விரலால் காட்ட, அவர் பார்த்தார். சுவரில் வெளிச்சம் ஆடிக்கொண்டிருந்தது. நான் அடுப்பங்கரையில் இருந்தேன். பிறகு அவர் குரல் வந்தது.

"புள்ளைக்கு மூக்கு என்னாட்டம்தான் இருந்திச்சி, இல்ல?"

"காது கூட" என்றாள் அவள். "நீ சரியா பாக்கல. காது கூட உன்னாட்டம்தான்."

அப்புறம் இருவரும் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டே இருந்தார்கள். சாப்பிடக் கூப்பிட எனக்கு மனம் வரவில்லை. குழம்பு ஆறி, மறுபடி சுடவைத்தேன். அன்று அவர் கடைசி வண்டிக்குத்தான் போனார்.

குஞ்சுகளில் பாதிக்கும் குறைவாகவே தேறின. அவள் குளத்தோரம் கொசுப்புழு மொண்டுவந்து போட்டு வளர்த்தாள். அவற்றின் உடம்பில் மஞ்சள் ஏற ஏற, அவளும் பேச்சுக்குத் திரும்பினாள். என்னோடு சண்டைகூடப் போட்டாள், குழம்பில் உப்பு இல்லை என்று. மழைக்காலம் வந்தபோது பால் வற்றியிருந்தது. பட்டணத்துக்கு ஜனங்களும் திரும்பத் தொடங்கியிருந்தார்கள். அவள் கணவர் வந்து அழைத்துப்போனார்.

பிறகு அவர்களுக்கு ஒரு பெண்ணும் ஒரு பையனும் பிறந்தார்கள். எத்தனை பிள்ளைகள் என்று யாராவது கேட்டால் அவள் மூன்று என்பாள். பக்கத்தில் நிற்கும் அவள் கணவரும், "ஆமா, மூணு" என்பார்.