சோக் பார்த்த திசை

என் அத்தை வால்வு ஆம்ப்ளிஃபயர் செய்பவள். வீட்டுக்கு வரும் மின்சாரம் அலையலையாக வரும். கெப்பாசிட்டரும் சோக் என்ற கம்பிச்சுருளும் சேர்ந்த ஃபில்டர் அதைச் சமன்படுத்தாவிட்டால் ஸ்பீக்கர் உறுமிக்கொண்டே இருக்கும். அத்தையின் பெட்டிகள் உறுமாது. அதில் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனம்.

அவளிடம் பெட்டி வாங்கியிருந்த பாட்டு டீச்சர் மட்டும், "உன் பொட்டிக்குள்ள வண்டு குடியிருக்கும்மா," என்றார்.

"உங்க வீட்டு வயரிங் பழசு டீச்சர். என் ஃபில்டர்ல குறையிருக்காது."

டீச்சர் சுவர்களைக் கொத்தி வயரிங்கை மாற்றினார். வண்டு போகவில்லை. பெட்டியைக் கடைக்கே கொண்டுவந்தார். அத்தை காது வைத்துக் கேட்டாள். "சுத்தமா இருக்கே. ஒருவேளை உங்க காதுல ஏதாவது..." என்று இழுத்தாள்.

டீச்சர் பெட்டியை விட்டுவிட்டுப் போனார். பிறகு வகுப்பையும் நிறுத்திவிட்டார் என்று கேள்விப்பட்டோம். காது போனவள் எப்படிச் சுருதி பார்ப்பது என்றாராம்.

ஊர் ஊராகச் சுற்றிவிட்டு வந்து, அடுத்து எங்கே போவதென்று தெரியாமல் நான் கடையில் உட்கார்ந்திருந்த நாட்கள் அவை. ஒருநாள் சாலையைத் தோண்டியிருந்ததால், கடை வாசலில் ஓயாமல் இரையும் பஸ்கள் வரவில்லை. காகிதம் பறக்கிறதென்று விசிறியையும் நிறுத்தினேன். அந்த அமைதியில், சோதனைக்காக அத்தை போட்டிருந்த டீச்சரின் பெட்டி மெல்ல உறுமியது.

அத்தை என்னைப் பார்க்கவில்லை. பெட்டியை அணைத்து, சோக்கின் திருகுகளைக் கழற்றி, அதைப் பக்கவாட்டில் திருப்பி வைத்து, மறுபடி பெட்டியைப் போட்டாள். உறுமல் இல்லை. ஃபில்டர் கணக்கில் தப்பே இல்லை. வரிசையாக நின்றால் அழகு என்று ஸ்பீக்கர் டிரான்ஸ்ஃபார்மரை ஒட்டி, அது பார்த்த திசையிலேயே சோக்கை நிறுத்தியிருந்தாள். சோக்கின் காந்தப்புலம் டிரான்ஸ்ஃபார்மருக்குள் உறுமலை ஏற்றிக்கொண்டிருந்தது.

"புது கெப்பாசிட்டர் போட்டேன்னு சொல்லிக் குடுத்துடலாம். நீ வாயத் தொறக்காதே."

"நான் எதுக்குத் தொறக்கப்போறேன்? உன் வாயே போதும் அத்தை."

டீச்சர் வீட்டுச் சுவர்களில் புதுப்பூச்சு திட்டுத்திட்டாகத் தெரிந்தது. அத்தை பெட்டியைப் போட்டுவிட்டு, "புது கெப்பாசிட்டர்..." என்று தொடங்கினாள். டீச்சர் ஸ்பீக்கரில் காதை வைத்தார். வெகுநேரம் எடுக்கவில்லை.

"இப்ப வண்டுகூடக் கேக்கல," என்றார். "காது முழுசாப் போயிடுச்சுபோல."

அத்தையின் முகம் கறுத்தது. பெட்டியை அணைத்தாள். கெப்பாசிட்டரில் தேங்கிய மின்சாரம் வடியும்வரை கை வைக்கக்கூடாது. எங்கே பார்ப்பதென்று தெரியாமல் மூவரும் நின்றோம். பிறகு சோக்கைப் பழையபடி நிமிர்த்தி வைத்து, பெட்டியைப் போட்டாள்.

"கேக்குதா டீச்சர்?"

"கேக்குது."

"இது நான் பண்ண தப்பு. வயரிங்கும் நல்லாத்தான் இருந்துச்சு. உங்க காதும்."

டீச்சர் புதுப்பூச்சுச் சுவரைப் பார்த்தார். உள்ளே போய்த் தொலைபேசியை எடுத்துவந்து அத்தையிடம் நீட்டினார்.

"பிள்ளைங்க வீட்டுக்கெல்லாம் நீயே சொல்லு, வகுப்பு உண்டுன்னு. ஏன் நின்னுச்சுன்னும் சொல்லு."

"நானா?"

"வேற யாரு?"

முதல் வீட்டில் எடுத்தார்கள். "நான் ஆம்ப்ளிஃபயர் செய்றவ பேசறேன்," என்றாள் அத்தை. பெட்டி இன்னும் உறுமிக்கொண்டிருந்தது. நான் சோக்கைத் திருப்பி வைக்கக் குனிந்தேன். டீச்சர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அவ பேசி முடிக்கட்டும்," என்றார்.