இரண்டு தம்ளர் பேதி மருந்து

மைசூரு ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த ஹனூர் ஊர்க்கார ஆயாம்மா எதற்குச் சிரித்தாலும் முந்தானையால் வாயை மூடிக்கொள்வார்.

தொண்ணூறுகளில் ஒருநாள். மறுநாள் குடலுக்குள் குழாய் விட்டுப் பார்ப்பதற்காக என் ஆறு வயது மகள் பேதி மருந்து குடிக்க வேண்டும். அவள் வாயையே திறக்கவில்லை.

ஆயாம்மா இரண்டு தம்ளரில் ஊற்றி ஒன்றை என்னிடம் நீட்டினார். "அப்பா குடிச்சாத்தான் பாப்பாவும் குடிக்குமுங்க."

என்னுடையது வெறும் தண்ணீர் என்று நம்பி மடமடவென்று குடித்தேன். குமட்டியது. என் முகம் போன கோணலைப் பார்த்துச் சிரித்த மகள், தன்னுடையதையும் குடித்துவிட்டாள்.

ஐந்தாவது முறை கக்கூஸிலிருந்து திரும்பும்போது கேட்டேன்: "எனக்குத் தண்ணி ஊத்தியிருக்கக் கூடாதா?"

"ஊத்தியிருப்பேனுங்க. உங்களுக்கு நடிக்க வராதுங்களே!" முந்தானை வாய்க்குப் போயிற்று.

பார்த்த பத்து நிமிடத்தில் அது அவருக்கு எப்படித் தெரிந்தது? இதைக் கேட்ட என் மனைவி மட்டும் ஆச்சரியப்படவே இல்லை.